வீரசின்னு காலடிச் சருகு

சாமைக்கானல் ஊருக்கு மேலே, காபித் தோட்டம் முடிந்து சோலைக்காடு தொடங்குகிற இடத்தில், ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு துண்டு நிலம் உண்டு. அதற்குப் பெயர் கோழிமூலை. அங்கே விளக்குமாறு போடக்கூடாது, அரிவாள் வைக்கக்கூடாது, தீக்குச்சி கிழிக்கக்கூடாது, அவசரத்துக்கு ஒதுங்கக்கூடக் கூடாது என்று எந்தக் காலத்திலோ யாரோ சொல்லிவைத்துவிட்டுப் போக, ஊரும் சரியென்று தலையாட்டி வைத்தது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சருகுக்கோழி கிளறினால்தான் ஊற்றில் தண்ணீர் நிற்கும் என்பார் ஒருத்தர். சோலைப்பேச்சி அம்மன் வளர்க்கிற கோழி அது என்பார் இன்னொருத்தர். ரெண்டும் ஒன்றுதானப்பா என்று மூன்றாவது ஆள் சமாதானம் பண்ணுவார். கதை கிடக்கட்டும், கோழியைச் சொல்கிறேன்.

சருகுக்கோழியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்த ஊரிலேயே பிறந்து அங்கேயே நரைத்தவர்களில் பாதிப்பேர் பார்த்ததில்லை. வீட்டுக்கோழியில் பாதி இருக்கும், காய்ந்த இலையின் நிறம், கண்ணைச் சுற்றிச் சிவப்பு, ஒவ்வொரு காலிலும் ரெண்டு மூன்று முள். பறக்கத் தெரியும், ஆனால் பறக்காது. ஓடத்தான் ஓடும், அதையும் நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் ஓடி முடித்திருக்கும். சேவலும் பெட்டையும் சேர்ந்தே மேயும், காலால் சருகைக் கிளறிப் புழுவும் விதையும் பொறுக்கும், ஆள் அரவம் கேட்டால் அப்படியே கல்லாகிவிடும், நம் காதுக்குக் கிடைப்பதெல்லாம் சரக் சரக் என்று ஒரு சத்தம் மட்டும்தான். தரையில் சின்னதாகப் பள்ளம் பறித்து, நாலு முட்டை இட்டு, மேலே உட்கார்ந்துவிட்டதென்றால், வாலை மிதிக்கிற தூரத்துக்கு நீங்கள் போனாலும் எழுந்திருக்காது. அசையாமல் இருந்தால் யார் கண்ணிலும் படமாட்டோம் என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே சூத்திரம். பாவம், அந்தச் சூத்திரம் மனுஷக் கண்ணுக்குத்தான் செல்லும், மனுஷக் கைக்குச் செல்லாது.

கோழிமூலைக்குக் காவல் சடையன், பளியர் என்கிற மலைக்குடி ஆள். அவன் அப்பனும் அப்பனைப் பெற்றவனும் அந்த மூலையின் ஓரத்தில் குடிசை போட்டுக் காவல் இருந்தவர்கள். காவலுக்கு ஊர் வீட்டுக்கு ஒரு மரக்கால் அரிசி கொடுக்கும், திருவிழாவில் அம்மனுக்கு உடைக்கிற முதல் தேங்காயில் ஒரு மூடி அந்தக் குடிசைக்குப் போகும். ஊரில் எல்லாரும் அவனை அவன் இவன் என்றுதான் பேசுவார்கள். எனக்கும் அதே வாய்ப்பழக்கம் தொற்றிக்கொண்டது, வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது வீரசின்னு. காபிப் பழம் பறிக்கிறவள், அப்போது நாற்பத்திரண்டு வயது, புருஷன் அழகுப்பிள்ளை தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போகிறவர், பெற்ற ஒரே மகளைச் சின்னமனூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. வேலையில் கெட்டி, பேச்சில் சுத்தம், கோயில் கூழுக்கு விறகு சுமக்க முதல் ஆள். அவள் பேரில் ஒரு சொல் வந்தது கிடையாது. அந்த நல்ல பேரை வைத்துக்கொண்டுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள், அந்த நல்ல பேருக்குப் பின்னால்தான் போய் ஒளிந்துகொண்டாள்.

தை மாதம் பழமெடுப்பு. அந்த மாதத்தில் சாமைக்கானலில் விடிவது என்று ஒன்று கிடையாது, இருட்டு வெளுத்துப் பனிமஞ்சாக மாறும், அவ்வளவுதான். விரல் விறைத்துப் பழத்தைப் பிடிக்காது, பிடித்தாலும் காம்போடு பிய்ந்துகொண்டு வரும். அதனால் பெண்கள் செடியில் கை வைக்குமுன் ஆளாளுக்குத் தன் வரிசை முனையில் ஒரு கை சருகைக் கூட்டிக் கொளுத்திக் கையைக் காட்டி நிற்பார்கள். அதற்குக் கை காய்ச்சுவது என்று பெயர், அந்தச் சூடு இல்லாமல் அங்கே ஒருத்தியும் கூடையைத் தூக்கமாட்டாள். ஆனால் தோட்டத்துச் சருகு பனியில் ஊறிக் கிடக்கும், பற்றாது, புகையத்தான் செய்யும். கோழிமூலையில் பெரிய நாவல் மரத்துக்குக் கீழே பனி இறங்காது, அங்கே சருகு அப்பளம் மாதிரி மொறமொறவென்று கிடக்கும். வீரசின்னுவின் வரிசை கோழிமூலையை ஒட்டின கடைசி வரிசை.

அன்றைக்கு மூன்று குச்சி கிழித்தாள், மூன்றும் அணைந்தது. நாலாவது குச்சியில் ஒரு காகிதத் துண்டு பிடித்துக்கொண்டது, ஆனால் சருகு பிடிக்கவில்லை. பக்கத்து வரிசையில் பவுன்தாயி, அவளுக்கு மதினி முறை, அதற்குள் கால் கூடை நிரப்பிவிட்டாள். வீரசின்னு இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், பவுன்தாயி செடிக்குள் குனிந்திருந்தாள், மற்றபடி மஞ்சைத் தவிர ஒன்றுமில்லை, எல்லைக் கல்லுக்கு மேலே குனிந்து ரெண்டு கையையும் விரித்து ஒரு அணைப்புச் சருகை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். தீக்கும் எல்லைக் கல்லுக்கும் நடுவில் நாலே எட்டு. முதல் எட்டில் நெஞ்சுக்குச் சூடாக இருந்தது, வெயில் பட்ட சருகு போல என்று நினைத்தாள். ரெண்டாவது எட்டில் வெயில் எங்கே வந்தது என்று நினைத்தாள். மூன்றாவது எட்டில் தெரிந்துவிட்டது, அந்தச் சூடு துடிக்கிற சூடு என்று நெஞ்சுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. நாலாவது எட்டில் விரல் கடுத்தது, பவுன்தாயியின் கூடை கண்ணில் பட்டது, கை விட்டுவிட்டது.

சருகு ஒரே மூச்சில் பற்றியது. எதுவும் கத்தவில்லை. வாரிக்கொண்டு வந்த வழியில் சிந்தின சருகைப் பிடித்துக்கொண்டு தீ எல்லைக் கல்லைத் தாண்டி உள்ளே ஓடியது, பவுன்தாயி இருமினாள், ஊரே பச்சைக் கொப்பை ஒடித்துக்கொண்டு ஓடிவந்து அடித்து அணைப்பதற்குள் கோழிமூலையில் ஒரு களத்தளவு கரியாகிவிட்டது. எல்லாருக்கும் முன்னால் கொப்போடு வந்து நின்றது சடையன்தான், புருவம் பொசுங்கிப்போனது அவனுக்குத்தான். சாம்பலைக் கிளறினபோது வெடித்த முட்டை நாலும், கையகலத்துக்கு ஒரு கோழியின் எலும்புக்கூடும் கிடைத்தது.

அன்று மத்தியானமே கோயில் முன்னால் ஊர் கூடியது. ஊர்ப் பெரியதனம் செவத்தையா நல்ல மனுஷர், யாரையும் வைது பேசமாட்டார், வாய் நிறைய வெற்றிலையோடு சிரித்துக்கொண்டே சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவார். "தீ தன்னால வராதுப்பா. தேனுக்குப் புகை போடுறவன் நம்ம ஊர்ல ஒருத்தன்தான் இருக்கான்," என்றார். சடையன் எழுந்து, "நான் போடலைங்க. இப்பத் தேன் பருவமும் இல்லைங்க," என்றான். அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், தை மாசத்தில் எவன் தேனெடுப்பான். ஆனாலும் செவத்தையா அதைக் காதில் வாங்காமல் வீரசின்னு பக்கம் திரும்பினார்.

"ஏத்தா, உன் வரிசைதான் ஒட்டி இருக்கு. தீ வச்சது யாருன்னு பாத்தியா?"

"நான் பாக்கலைண்ணே."

"சடையன் அந்தப் பக்கம் நடமாட்டமா இருந்தானா?"

"அவன் எப்பவும் அங்கதானேண்ணே இருப்பான்."

அவள் சொன்ன ரெண்டாவது பேச்சில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. கேவலமே அதில்தான் இருந்தது, அது அவளுக்குச் சொல்லும்போதே தெரிந்தது. சடையன் அவளைப் பார்த்தான், கோபமாக ஒன்றும் இல்லை, சும்மா பார்த்தான், பிறகு உட்கார்ந்துவிட்டான். காவலைப் பிடுங்கினார்கள். குடிசையைப் பிரித்துக்கொண்டு ஊருக்குக் கீழே புல்லுமேட்டில், ஒரு மரமும் ஒரு சொட்டு நிழலும் இல்லாத இடத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அம்மன் மனசு இறங்குகிறவரை திருவிழாவில் கோயில் முன்னால் கட்டுகிற கயிற்றுக்கு வெளியே நிற்கவேண்டும் என்றார்கள். சடையன் பெண்டாட்டி வெள்ளச்சி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓலையையும் மூங்கிலையும் கீழே கொண்டுபோனதை வீரசின்னு ஜன்னல் வழியாகப் பார்த்தாள், ஒரு கை தூக்கிவிடலாம் என்று எழுந்தாள், எந்த முகத்தோடு போவது என்று உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கி முதல் எட்டு வைத்தபோது காலுக்கடியில் சரக் என்றது. அழகுப்பிள்ளை போர்வைக்குள்ளிருந்தே, "சருகை எதுக்கு வீட்டுக்குள்ள அள்ளிக்கிட்டு வந்தே?" என்றார். தரையில் சருகு இல்லை, சாணி மெழுகின தரை மொழுமொழுவென்று இருந்தது. ஆனால் அவள் நடந்தால் சரக் சரக் என்று மொறமொறப்பான சருகை மிதிக்கிற சத்தம் வந்தது, நின்றால் நின்றது. கூட்டினாள், வந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், ஈரத்தரையிலும் காய்ந்த சத்தமே வந்தது. செருப்புப் போட்டாள், செருப்புக்கடியிலும் வந்தது. ஊற்றில் முழங்கால் ஆழத்தில் இறங்கி நின்று காலை மாற்றி வைத்தாள், தண்ணீருக்குள்ளிருந்தும் சரக் என்றது, துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் துவைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஊர் முதலில் வைத்தியம் பார்த்தது. பவுன்தாயி வேப்பெண்ணெய் தேய்த்துவிட்டாள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் காதில் குழாயை மாட்டிக்கொண்டு பாதத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, எலும்பு தேய்ந்திருக்கும் என்று முப்பது கால்சியம் மாத்திரை கொடுத்தாள். பிறகு கேலி பண்ணியது, சருகுக்காலி என்று பேர் வைத்தது, எதிரே வந்தால் மூக்கைப் பொத்தித் தும்மி, தூசி கிளப்பாமல் நட சின்னு என்றது. பிறகு பழகிக்கொண்டது, எதற்குத்தான் மனுஷன் பழகமாட்டான் சொல்லுங்கள். அவள் வருகிற சத்தம் கேட்டு டிரைவர் காலை பஸ்ஸை ரெண்டு நிமிஷம் நிறுத்திவைத்தார். அவள் முற்றத்தில் நடந்தால் தெருக்கோழியெல்லாம் ஓடிவந்து அவள் காலைச் சுற்றிக் கிளறின, ஒன்றும் இல்லையென்று தெரிந்த பிறகும் மறுபடி வந்து கிளறின. மஞ்சு மூடின காலையில் காட்டுமாடு நிற்கிற பாதையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் அவளை நடக்கவிட்டார்கள், அவள் சத்தத்துக்கு மாடு தானாக விலகிப்போனது, வாத்தியார் அவளுக்கு ஒரு குடை வாங்கிக் கொடுத்தார்.

பங்குனியில் பூசாரி மொக்கையனுக்கு அருள் வந்தது. பேச்சி தன் சருகு எரிந்துபோனதைத் தாங்காமல், ஒரு சொல் கெட்டபேர் எடுக்காத ஒருத்தியின் காலைப் பார்த்து அதில் குடியேறிவிட்டாள் என்று குறி சொன்னார். மூன்றாம் நாள் காபி பூப்பதற்கு வேண்டிய பூமழை இறங்கியது. அதற்குமேல் ஊருக்குச் சாட்சி வேண்டியதில்லை. சருகுக்காலி சருகாத்தா ஆனாள். கன்னிப்பெண்கள் அவள் வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், பிரசவ வலி கண்டால் வீட்டுக்குக் கூட்டிப்போய் மூன்று சுற்று நடக்கச் சொன்னார்கள், புது மோட்டார் போட்டால் கிணற்றைச் சுற்றி நடக்கச் சொன்னார்கள். கடையில் அவளுக்கு முன்னால் நின்ற ஆள் விலகி வழிவிட்டார், அவள் வேண்டாமென்றால் அதையும் பெருந்தன்மை என்றார்கள். சித்திரைத் திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் அவளைத்தான் நடக்கவிட்டார்கள். சரக் சரக் என்று அவள் நடக்க, பின்னால் அம்மன் வர, ஊர் குலவையிட, கயிற்றுக்கு வெளியே சடையன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவனைத் தாண்டுகிற அந்தப் பத்து எட்டும் அவளுக்குப் பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்று இருந்தது. பூமி அவளுக்காகவா பிளக்கும், சத்தம்தான் கொடுத்தது.

அவளுக்குத் தெரியும் அது அம்மன் இல்லையென்று. அது கோழியுமில்லை, அது அவளே வாரி அணைத்துக்கொண்டு வந்த சருகு, ஒவ்வொரு எட்டிலும் அந்த நாலு எட்டு. குற்றத்துக்கு அடையாளமாக வந்ததை ஊர் பெருமையாக எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டால் ஒரு பொம்பளை என்ன செய்வாள். உட்கார்ந்தே இருந்து பார்த்தாள், ஆத்தா தவத்தில் இருக்கிறாள் என்றார்கள். சோறு இறங்கவில்லை, ஆத்தா விரதம் என்றார்கள்.

இப்படி ஒரு வருஷம் ஓடி, அடுத்த பங்குனியில் ஒரு சாயங்காலம் வெள்ளச்சி வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை, வேலிக்கு அந்தப் பக்கமே நின்றாள், இடுப்பில் அந்தக் குழந்தை, இப்போது ரெண்டு வயசு தாண்டியிருக்கும்.

"புல்லுமேட்டுக்குப் போனதுலேர்ந்து நடக்கமாட்டேங்குதும்மா. கால்ல ஒண்ணும் இல்லைன்னு நர்ஸம்மா சொல்லுது. தரை பிடிக்கலைபோல. நீங்க ஒரு சுத்து நடந்து காட்டுனா நடந்துரும்னு எல்லாரும் சொல்றாங்க," என்றாள். அதைக் கேட்பதற்கே அவளுக்குக் கூச்சம், பாதியை வேலி முள்ளைப் பார்த்துத்தான் சொன்னாள்.

வீரசின்னுவுக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றியது. ஆனால் குழந்தை. வெளியே வந்தாள், வெள்ளச்சி குழந்தையைத் தெருவில் உட்காரவைத்தாள், வீரசின்னு அதைச் சுற்றி நடந்தாள். சரக் என்றதும் குழந்தை தலையைத் தூக்கியது. சரக் சரக் என்றதும் அதன் முகம் மலர்ந்தது, அது பிறந்து தவழ்ந்த இடத்தின் சத்தம் அல்லவா அது, நாவல் மரத்தடியில் தொட்டிலுக்குள் கிடந்து கேட்ட சத்தம். கையை ஊன்றி எழுந்தது, தள்ளாடியது, சத்தத்தைப் பார்த்து ஒன்று ரெண்டு மூன்று நாலு எட்டு வைத்து வீரசின்னுவின் முழங்காலைக் கட்டிக்கொண்டது. வெள்ளச்சி தெருவிலேயே விழுந்து அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும்மா," என்றாள். யாராவது செருப்பால் அடித்திருந்தால்கூட வீரசின்னுவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்றைக்குச் சோறு போடும்போது புருஷனிடம் சொல்லிவிட்டாள். "ஏங்க, அன்னைக்குத் தீ வச்சது நான்தான்."

அழகுப்பிள்ளை பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"புகை எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சுன்னு எனக்குக் கண்ணு இல்லையா? எனக்கு மட்டுமா, ஊர்ல எல்லாருக்கும்தான் கண்ணு இருக்கு. நீ நம்ம ஆளு. விடு. ரசத்தை ஊத்து."

அவள் ரசத்தை ஊற்றினாள். இத்தனை நாளும் ஊரை ஏமாற்றிவிட்டோம் என்றுதான் அவள் கூசிக்கொண்டிருந்தாள். ஊர் ஏமாறவே இல்லை என்பது தெரிந்தபோது ஒரு நிமிஷம் ஆறுதலாக இருந்தது, அந்த ஆறுதலை நினைத்துப் பிறகு அதைவிட அசிங்கமாக இருந்தது.

சித்திரைத் திருவிழா வந்தது. கோயில் முன்னால் அந்த வருஷம்தான் புதிதாகச் சிமெண்ட் தளம் போட்டிருந்தார்கள், வெயிலில் கண் கூசியது, சப்பரம் பூவோடு தயாராக நின்றது, தளத்தின் ஓரத்தில் தேங்காய்நார்க் கயிறு, கயிற்றுக்கு வெளியே சடையனும் வெள்ளச்சியும், குழந்தை அப்பன் தோளில். செவத்தையா மைக்கைப் பிடித்துச் சருகாத்தா ரெண்டு வார்த்தை பேசிவிட்டு நடக்கும் என்று அறிவித்தார். போன வருஷம் அவள் கும்பிட்டுவிட்டு நடந்ததோடு சரி, பேசவில்லை. இந்த வருஷம் மைக்கை வாங்கினாள்.

"கோழிமூலைக்குத் தீ வச்சது நான்தான். கை காய்ச்சுறதுக்கு அங்கேருந்து சருகு வாரினேன். சடையன் ஒண்ணும் செய்யலை."

ஒலிபெருக்கி மூன்று மலைக்கும் சொன்னது. கூட்டத்துக்கு அது உறைப்பதற்குள் செவத்தையா சிரித்த முகத்தோடு மைக்குப் பக்கம் குனிந்து, "பாத்தீங்களாப்பா, ஊர்ப் பாவத்தை ஆத்தா தன் தலையில வாங்கிக்குது. பெரிய மனசுன்னா இதுதான்," என்றார். பெண்கள் குலவையிட்டார்கள். மொக்கையன் பூசாரி திருநீற்றுத் தட்டோடு ஓடிவந்தார். அவள் குற்றத்தை ஒத்துக்கொண்டதற்கு அவளுக்கு ஒரு மாலை விழுந்தது.

மாலையைக் கழற்றிக் கீழே வைத்தாள். மைக்கை விடவில்லை.

"செவத்தையாண்ணே, அன்னைக்கு மஞ்சு விலகினப்ப நீங்க களத்துல நின்னுக்கிட்டிருந்தீங்க. கையைப் புருவத்துல வச்சு மேல பாத்தீங்க. புகை என் வரிசையிலேர்ந்து வந்துச்சு. பாத்தீங்களா இல்லையா?"

செவத்தையாவின் சிரிப்பு வெற்றிலையோடு ஒரு பக்கம் ஒதுங்கியது.

"பவுனு மதினி, நீ இருமுனே. என்னடி சின்னு இம்புட்டுப் புகைன்னு கேட்டே. மத்தியானம் இதே இடத்துல உக்காந்து தரையைப் பாத்தே. மொக்கையண்ணே, தை மாசத்துல எவனும் தேனெடுக்க மாட்டான்னு உங்களுக்குத் தெரியாதா? என் வீட்டு மனுஷனுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர், ஒரே ஒருத்தர் வாயைத் திறந்திருந்தா நான் ஒத்துக்கிட்டிருப்பேன்." நிறுத்தினாள். "இல்லை, அதுவும் பொய். ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன். அழுது சாதிச்சிருப்பேன்."

யாரும் குலவையிடவில்லை. செவத்தையா மைக்கை விட்டு ஒரு எட்டு பின்னால் போனார்.

சரக்.

எல்லாரும் வீரசின்னுவின் காலைத்தான் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. செவத்தையா தன் காலைப் பார்த்தார், வெறும் சிமெண்ட், வெறும் கால், மெதுவாக இன்னொரு காலை நகர்த்திப் பார்த்தார், சரக். பவுன்தாயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பின்வாங்கினாள், சரக் சரக். பூசாரி தட்டோடு நின்ற இடத்தில் காலை மாற்றினார், சரக். சப்பரம் தூக்குகிற ஆட்கள், மேளக்காரருக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர்கள், குடை பிடித்த வாத்தியார், அழகுப்பிள்ளை, அந்தத் தை மாசத்து மத்தியானம் அங்கே உட்கார்ந்து தரையைப் பார்த்த ஒவ்வொருத்தர் காலடியிலும் அது வந்தது. கொஞ்ச நேரம் காட்டுக்குள் பெரிய மந்தை ஒன்று மிரண்டு ஓடுகிற மாதிரி சத்தம், பிறகு ஒவ்வொருத்தராக விஷயம் புரிந்து நின்றுவிட்டார்கள், முந்நூறு பேர் காலைத் தூக்காமல் கையைத் தூக்காமல் வெயிலில் அப்படியே நின்றார்கள், அசையாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது என்பதுபோல.

வீரசின்னு தன் காலைத் தூக்கி வைத்துப் பார்த்தாள். சொல்லிவிட்டால் நின்றுவிடும் என்று நினைத்திருந்தாள். நிற்கவில்லை, முன்னைக்கு இப்போது இன்னும் மொறமொறப்பாக இருந்தது.

"சடையா," என்றார் செவத்தையா, நின்ற இடத்திலிருந்தே. "உள்ள வாப்பா. வந்து முதத் தேங்காயை நீ வாங்கிக்க."

சடையன் குழந்தையைத் தோளில் வைத்தபடி கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தான். அவன் காலில் சத்தம் இல்லை. முந்நூறு பேருக்கு நடுவில் ஒரு மனுஷன் சத்தமே இல்லாமல் நடந்தான், அவனுக்கு ஒதுங்கி வழிவிடக்கூட யாராலும் முடியவில்லை, அவனே ஒவ்வொருத்தரையும் சுற்றிக்கொண்டு வந்தான். செவத்தையா தேங்காய் மூடியை நீட்டினார். சடையன் அதைத் தாண்டி வீரசின்னுவுக்கு முன்னால் வந்து நின்றான். திட்டப்போகிறான் என்று அவள் நினைத்தாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள், அவன் முந்திக்கொண்டான்.

"அந்தக் கோழி கத்துச்சாம்மா?"

இந்த ஒன்றேகால் வருஷத்தில் அதை யாரும் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை, பூசாரி கேட்கவில்லை, அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. சடையனுக்காகத்தான் அவள் இத்தனை நாள் கூசினாள், தனக்காகக் கூசினாள், அந்தக் கோழிக்காக ஒரு நாளும் கூசவில்லை.

"கத்தலைப்பா."

அவன் இன்னும் நின்றான். மைக் அவள் கையிலேயே இருந்தது, அவள் அதை மறந்துபோனாள்.

"சூடா இருந்துச்சு. நெஞ்சோட வச்சிருந்தேன். உசிரு இருக்குன்னு தெரிஞ்சுதான் போட்டேன்."

மூன்று மலைக்கும் அது கேட்டது. சடையன் தலையை ஒரு தரம் ஆட்டினான், கேட்டது கிடைத்துவிட்ட ஆள் மாதிரி. வெள்ளச்சி கயிற்றுக்கு வெளியேயே சுற்றிக்கொண்டு மேல்பாதைக்கு வந்துவிட்டாள். அவன் குழந்தையை இறக்கிவிட்டான், அது அவன் விரலைப் பிடித்துக்கொண்டது, மூன்று பேரும் காபிச் செடிக்கு நடுவில் கோழிமூலையைப் பார்த்து ஏறிப்போனார்கள். வீரசின்னு மைக்கைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் பின்னால் போகலாமா என்று ஒரு காலைத் தூக்கினாள். இந்தச் சத்தத்தோடு அங்கே போனால் அங்கே மிச்சம் இருக்கிறதும் ஓடிப்போகும் என்று தோன்றவும், தூக்கின காலை அதே இடத்தில் வைத்தாள்.

அன்றைக்குச் சப்பரம் கிளம்பவில்லை. முதல் எட்டு எடுத்துவைக்க ஒரு ஆள் வேண்டுமே.